அளவறிந்த வைத்திய மேதை

ஜுரத்தில் கிடந்த ஒருவன் சிறு மாத்திரை ஒன்றை வாயிலிட்டு, ஒரு குவளை தண்ணீரைக் குடித்து, சில நாட்களில் எழுந்து தன் தொழிலுக்குப் போகிறான். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது என்று இன்று நாம் கேட்போம். ஆனால் நம் பாட்டன்மார் காலத்தில் இது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். இந்த நன்மையை உலகுக்கு அளித்த கூட்டத்தில் முன்னணியில் நின்ற ஒருவர் பழைய சென்னை ராஜதானியில் பிறந்தவர், சென்னையில் படித்தவர், கதர் உடுத்தியதற்காகக் கஷ்டப்பட்டவர். அவர்தாம் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவருடைய பெயரை அறிந்தவர்கள் பலர். ஆனால் அவர் தலைமையில் வெளிவந்த மருந்து வகையை எப்படி உட்கொள்ள வேண்டுமென்பதை அறிந்தவர்கள் மிகச் சிலரே. ஆகையால் அவருடைய சரித்திரத்தையும் அம்மருந்தின் சரித்திரத்தையும் சேர்த்தே இன்று நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

1895-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி, கோதாவரிப் பிரதேசத்திலுள்ள பீமாவரத்தில் சுப்பாராவ் பிறந்தார். குடும்பம் வறுமையில் உழன்றது. தகப்பனார் நோயாளி, உத்தியோகத்திலிருந்து முன்னதாகவே விலக நேர்ந்தவர். காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாமென்று 13-வது வயதில் பையன் வீட்டைவிட்டுப் புறப்பட்டான் என்றும், தாயார் அவனைத் தடுத்துப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பினார் என்றும் அவர் சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். ராஜமஹேந்திரவரத்தில் தொடங்கிய படிப்பு சென்னை ஹிந்து ஹைஸ்கூலில் முடிந்தது. மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறையே அவர் தேறினார். பரீட்சையில் தவறிய பிள்ளைகளைக் கைவிடும் பெற்றோர்கள் இதைக் கவனிப்பார்களாக.

பிரஸிடென்ஸி காலேஜில் இன்டர்மீடியட் படித்தபின் அவர் சென்னை வைத்தியக் கலாசாலையில் சேர்ந்தார். சிநேகிதர்களும், பின்னால் அவருக்கு மாமனாரான கஸ்தூரி ஸூரியநாராயணமூர்த்தியும் செலவுக்கு உதவினார்கள். அந்நியத் துணியை விலக்கும்படி காந்தியடிகள் விடுத்த அழைப்பை ஏற்று, அறுவைச் சிகிச்சைக் கூடத்திலும் சுப்பாராவ் கதர் அங்கியையே அணிந்தார். வெள்ளைக்கார ஆசிரியருக்கு இது பொறுக்கவில்லை. மற்றப் பாடங்களில் நன்கு எழுதியும், முழு எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. அதற்குத் தாழ்ந்த எல்.எம்.எஸ். என்ற சான்றுதான் கிடைத்தது. சென்னை சர்க்காரின் வைத்திய இலாகாவில் சேர அவர் செய்த முயற்சியும் பலிக்கவில்லை. ஒரு துண்டுக் கதருக்காக ஒரு மேதையை இழக்க அன்றைய ஆட்சி சித்தமாயிருந்தது.

பின்னர் அவர் சென்னையில் டாக்டர் லக்ஷ்மிபதியின் ஆயுர்வேதக் கலாசாலையில் உடற்கூறு சாஸ்திரம் கற்பிக்கும் ஆசிரியரானார். அதற்கு முன்பே ஒரு துயரம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்திருந்தது. உண்ட உணவு உடம்பில் ஒட்டாமல், வயிறு போய்ப் போய் ஆளை உருக்கும் ஸ்ப்ரூ என்ற நோய்க்கு அவருடைய சகோதரர் இருவர் சில நாட்களுக்குள் அடுத்தடுத்துப் பலியானார்கள். அவரையும் அந்நோய் பற்றியது. ஆயுர்வேத சிகிச்சையால் அவர் பிழைத்தார். நோயின் மூலத்தைக் காணவேண்டுமென்ற தாகம் அவரைக் கடல் கடக்கச் செய்தது. காக்கிநாடாவிலுள்ள மல்லாடி ஸத்யலிங்க நாயக்கர் தர்மத்தின் உதவியும் மாமனாரின் உதவியும் பெற்று, இளம் மனைவியை ஊரில் விட்டு, 1922-ம் வருஷம் அக்டோபர் மாதம் அவர் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரம் சேர்ந்தார். அதன்பின் அவர் தாய்நாட்டை மீண்டும் காணவேயில்லை.

பாஸ்டனில் ஹார்வர்ட் ஸர்வகலாசாலையில் பகலில் படிப்பு. இரவில் ஆஸ்பத்திரியில் கூலி வேலை. அங்கே ஸைரஸ் பிஸ்கே என்ற ஆசிரியருடன் சேர்ந்து அவர் முதன் முதலில் புகழ் பெற்றது எதனால் என்பது நம் கட்டுரைக்கு மிகவும் முக்கியமானது. அது மருந்தல்ல, அளவை. ரத்தத்திலும் சதையிலும் பாஸ்பரஸ் என்ற தாது எவ்வளவு இருக்கிறதென்பதைத் துல்லியமாகக் கண்டறியும் ஒரு முறையை 1925-ம் வருஷம் இருவரும் வெளியிட்டனர். பிஸ்கே-சுப்பாராவ் முறை என்று அது இன்றும் இரசாயன மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. அந்த அளவுகோலைக் கையில் கொண்டுதான் 1927-ல் தசையிலுள்ள பாஸ்போகிரியேடினையும், 1929-ல் உயிர்களின் சக்திக்கு நாணயம் போன்ற ஏ.டி.பி. என்னும் பொருளையும் அவர்கள் கண்டனர். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைத் தனியே கண்டார். 1930-ல் சுப்பாராவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. ஆனால் ஹார்வர்டில் நிரந்தரமான ஆசிரியர் பதவி மட்டும் கிடைக்கவில்லை. சென்னையில் மூடிய கதவு பாஸ்டனிலும் முழுதாகத் திறக்கவில்லை.

1940-ல் அவர் நியூயார்க் ராஜ்யத்தில் பெர்ல் ரிவர் என்ற ஊரிலுள்ள லெடர்லி மருந்து ஆராய்ச்சிசாலையில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார். அதன்பின் எஞ்சியிருந்த எட்டு ஆண்டுகளில் அவரும் அவருடைய குழுவினரும் செய்தவற்றை எண்ணும்போது ஒரு மனிதனின் ஆயுள் இவ்வளவு தாங்குமா என்று பிரமிக்கிறோம். போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கும் வழி கண்டார்கள். தம் சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கே அது துணை மருந்தாயிற்று. அந்த அமிலத்துக்கு எதிரிடையான அமினோப்டெரின் முதலியவற்றை ஆக்கினார்கள். பாஸ்டனில் ஸிட்னி பார்பர் என்ற டாக்டர் அதைக் கொண்டு குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன் முதலில் தற்காலிகமாகவேனும் தணித்துக் காட்டினார். யானைக்கால் நோய்க்கு ஹெட்ராஸான் என்ற மருந்து 1947-ல் வெளிவந்தது. நம் நாட்டில் வீடுதோறும் வந்து வழங்கப்பட்ட டி.இ.ஸி. மாத்திரை அதுவே.

இனி நாம் எடுத்துக்கொண்ட மருந்துக்கு வருவோம். 1940-களின் நிலைமை இது. ஸல்பா மாத்திரைகள் இருந்தன. ஆனால் அவை தாக்கிய கிருமிகள் சில. பெனிஸிலின் வந்தது; ஆனால் வயிற்றிலுள்ள அமிலம் அதைச் சிதைத்துவிடும். ஆதலால் சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசியால் குத்த வேண்டியிருந்தது. ஸ்ட்ரெப்டோமைஸினும் ஊசி மருந்தே. டைபஸ் போன்ற ஜுரங்களை உண்டாக்கும் ரிக்கெட்ஸியா என்ற நுண்கிருமிகளிடம் பெனிஸிலின் பலிக்கவில்லை. ஆஸ்பத்திரியும் தாதியும் இல்லாத கிராமத்தான் என்ன செய்வான்? பல கிருமிகளை ஒருங்கே அடக்குவதும், வாயால் உட்கொள்ளத்தக்கதுமான ஒரு மருந்து வேண்டியிருந்தது.

விஸ்கான்ஸின் ஸர்வகலாசாலையில் தாவர சாஸ்திர ஆசிரியராயிருந்து, எழுபது வயதில் ஓய்வு பெற்ற பெஞ்சமின் டக்கர் என்ற முதியவர் லெடர்லியில் ஆலோசகராகச் சேர்ந்தார். இளைஞருக்கே வேலை என்ற விதி அங்கே இல்லை. மண்ணிலே ஒன்றையொன்று எதிர்த்து வாழும் நுண்ணுயிர்களிடம் மருந்து இருக்கிறதென்று நம்பிய டக்கர், பல இடங்களிலிருந்தும் பிடி மண் அனுப்பும்படி தம் நண்பர்களுக்கு எழுதினார். மிஸ்ஸௌரி ஸர்வகலாசாலையில் 1888 முதல் பயிர் சோதனை நடந்துவரும் ஸான்பார்ன் வயல் என்ற நிலத்திலிருந்து வந்த மண்ணில் பொன்னிறமான ஒரு நுண்ணுயிர் வளர்ந்தது. அது கசியவிட்ட பொருளும் பொன்னிறமே. அதற்கு ஆரியோமைஸின் என்று பெயரிட்டார்கள். 1948-ம் வருஷம் ஜூலை மாதம் அது நியூயார்க்கில் அறிஞர் சபையில் அறிவிக்கப்பட்டது. டெட்ராஸைக்ளின் என்ற பெரிய மருந்துக் குடும்பத்துக்கு அதுவே மூத்த பிள்ளை. கண்டவர் டக்கர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவரை வேலைக்கு வைத்து, வழி வகுத்து, பொருளும் ஆளும் கொடுத்து, அப்பெரும் முயற்சியை நடத்திய தலைவர் சுப்பாராவ் என்பதையும் யாரும் மறைக்க முடியாது.

சில வாரங்களே சென்றன. 1948-ம் வருஷம் ஆகஸ்டு மாதம், தாய்நாடு சுதந்திரம் பெற்று ஓராண்டு நிறையும் தறுவாயில், 53-வது வயதில் உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. கடைசி வரையில் அவர் அமெரிக்கப் பிரஜையாகவில்லை. நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. ஒரு காளான் இனத்துக்குச் சுப்பாரோமைஸிஸ் என்று அவர் பெயரை 1953-ல் இட்டார்கள். 1995-ல் அவருடைய நூற்றாண்டில் இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது. இவை போதுமா என்று கேட்போமானால், போதா என்பதே நம் அபிப்பிராயம். ஆயினும் சிலையும் தபால் தலையும் அன்றி, அவருக்குச் செலுத்தவேண்டிய வேறொரு கடன் ஒவ்வொருவர் வீட்டிலும் நிலுவையிலிருக்கிறது.

ஊசி வைத்தியர் கையிலிருந்தது; மாத்திரை நம் கைக்கு வந்தது. ஊசிக்கு வேளையும் அளவும் தவறாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். மாத்திரைக்கு அப்படி யாருமில்லை. அதிகாரம் கைமாறும்போது பொறுப்பும் கைமாற வேண்டும். சுயராஜ்யத்துக்கு உரிய இந்த நியாயம் மருந்துக்கும் பொருந்தும். ஆனால் நடந்தது என்ன? தாமே கடைக்குப் போய், தாமே பெயர் சொல்லி, இரண்டு மாத்திரை வாங்கி, ஜுரம் விட்டதும் நிறுத்திவிடும் வழக்கம் ஊரெங்கும் பரவியது. 1994-ல் சூரத் நகரில் பிளேக் என்ற செய்தி பரவியபோது, நோயில்லாதவர்களும் டெட்ராஸைக்ளினை அள்ளி வாங்கிக் கடைகளைக் காலி செய்தார்கள். அமெரிக்காவிலோ, 1950-ல் அம்மருந்து கோழிக்குஞ்சுகளின் எடையைக் கூட்டுகிறதென்று தெரிந்ததும், அதைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் பிறந்தது.

கிருமிகளும் சும்மா இருக்கவில்லை. 1950-களில் ஜப்பானில் சீதபேதியை உண்டாக்கும் கிருமிகளுள் நான்கு மருந்துகளுக்கும் அடங்காத வகை தோன்றியது. அந்நான்கில் டெட்ராஸைக்ளினும் ஒன்று. அந்த எதிர்ப்புச் சக்தியை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கிறதென்பதையும் ஜப்பானிய அறிஞர்களே கண்டார்கள். தனி ஒருவன் செய்யும் தவறு அவனோடு நிற்பதில்லை என்பது இதனால் விளங்கும். 2019-ல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க்காரணமாக உலகில் சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று நிபுணர்கள் கணித்துள்ளனர். பெனிஸிலினைக் கண்ட அலெக்ஸாண்டர் பிளெமிங் 1945-லேயே நோபல் பரிசு மேடையில், குறைந்த அளவு மருந்து கிருமிக்குப் பயிற்சி கொடுப்பதாகும் என்ற கருத்தில் எச்சரித்திருந்தார்.

அளவு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முதுமொழி. அது பாதி உண்மையே. இம்மருந்துகள் விஷயத்தில் அளவு குறைந்தாலும் நஞ்சுதான். அளவை முறையால் புகழ் பெற்ற ஒருவர் தலைமையில் வந்த மருந்துக்கு அளவே உயிர். அந்த அளவு என்னவென்பதைச் சுருக்கமாகக் கூறுவோம்.

முதலாவது, வைத்தியர் எழுதிக் கொடுக்காமல் எந்த ஆன்டிபயாட்டிக்கையும் தொடலாகாது. இவை பாக்டீரியாவைத்தான் அடக்கும். ஜலதோஷம், இன்ப்ளுயென்ஸா, டெங்கு முதலியன வைரஸால் வருபவை. அவற்றின்மேல் இம்மருந்துக்கு அதிகாரமில்லை. வைத்தியரிடம் போகும்போது, முன்பு எந்த மருந்தாவது உடம்புக்கு ஒவ்வாமற் போனதுண்டா, இப்போது வேறு என்ன மருந்து உட்கொள்கிறோம், பெண்களானால் கர்ப்பமுண்டா, பால் கொடுக்கிறார்களா என்பனவற்றைக் கேளாமலே சொல்லிவிட வேண்டும். டெட்ராஸைக்ளின் வகையைச் சாதாரணமாகக் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை; வளரும் பல்லில் அது நிரந்தரக் கறையை உண்டாக்கும். கடுமையான சில நோய்களில் வைத்தியர் துணிந்து கொடுப்பாரானால் அது அவர் ஆராய்ந்து செய்யும் முடிவு, நாம் செய்யக்கூடியதன்று.

இரண்டாவது, உட்கொள்ளும் விதம். டெட்ராஸைக்ளினை உணவுக்கு ஒரு மணி முன்போ இரண்டு மணி பின்போ கொள்வது வழக்கம். பால், தயிர், இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கான அமிலமுறிப்பு மருந்து ஆகியவற்றிலுள்ள தாதுக்கள் அதைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் கலக்கவிடா. மருந்தைப் பாலோடு கொடுப்பதே நல்லதென்று எண்ணும் நம் தாய்மார்கள் இதை முக்கியமாக அறியவேண்டும். இவ்வகையில் இன்று அதிகம் வழங்கும் டாக்ஸிஸைக்ளினை உணவோடு கொள்ளலாம்; ஆயினும் இரும்பும் அமிலமுறிப்பும் அருகில் வரலாகா. மாத்திரையை ஒரு குவளை நிறையத் தண்ணீருடன் நிமிர்ந்திருந்து விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமலிருக்க வேண்டும். இல்லையேல் உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். கடும் வெயிலில் திரிந்தால் தோல் சிவந்து வெந்துபோகும். வயலில் வேலை செய்வோர் தலையையும் கையையும் மூடிக்கொள்ளட்டும். ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிட வேண்டும். இரண்டைச் சேர்த்து விழுங்கலாகாது.

மூன்றாவது, நாட்களின் கணக்கு. எத்தனை நாள் என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். முன்பு நீண்ட நாட்கள் கொடுத்த சில நோய்களுக்குச் சில நாட்களே போதுமென்று இப்போது ஆராய்ச்சியில் தெரிந்திருக்கிறது. அதனால் நாமே குறைத்துக்கொள்ளலாம் என்று பொருளல்ல. ஜுரம் விட்டதென்று நிறுத்துவதும் தவறு. பயந்துகொண்டு நீட்டுவதும் தவறு. மிச்சத்தை அடுத்த ஜுரத்துக்கென்று பெட்டியில் வைப்பதும், அண்டை வீட்டாருக்குக் கொடுப்பதும் உபகாரமல்ல. தேதி கடந்த மாத்திரை வெறும் வீண் என்று எண்ணுவாரும் உளர், வீண் மட்டுமன்று. சிதைந்த பழைய டெட்ராஸைக்ளினால் சிறுநீரகம் கெட்ட செய்தி 1960-களிலேயே வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கிறது.

நான்காவது, அபாய அறிகுறிகள். உடம்பெங்கும் தடிப்பு, முகம் உதடு வீக்கம், மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் மருந்தை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். கடுமையான பேதியோ, மலத்தில் ரத்தமோ, தாங்காத தலைவலியோ, பார்வை மங்கலோ கண்டால் வைத்தியரிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். லேசான வயிற்றுப் புரட்டலுக்காக மாத்திரையைத் தாமே எறிந்துவிட வேண்டாம். அதையும் வைத்தியரிடமே கேட்பது முறை.

இவ்வளவும் படித்து, மருந்தே வேண்டாமென்று யாரேனும் அஞ்சுவாரானால் அது சுப்பாராவுக்குச் செய்யும் துரோகமாகும். ஸ்க்ரப் டைபஸ் என்ற உண்ணிக்காய்ச்சல் தமிழ்நாட்டிலும் உண்டு. அதைக் காலத்தில் கண்டு டாக்ஸிஸைக்ளின் கொடுத்தால் நோயாளி பிழைப்பான். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. அங்கே மருந்தை மறுப்பது மிதமிஞ்சி உண்பதைவிடக் கொடியது.

சட்டம் இல்லாமலில்லை. ஆன்டிபயாட்டிக்குகள் சீட்டின்றி விற்கக்கூடாத ஹெச் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றுள் வீரியமிக்க பலவற்றை 2014 மார்ச்சு முதல் ஹெச்-1 அட்டவணையில் சேர்த்து, எழுதிய வைத்தியர் பெயரையும் நோயாளியின் பெயரையும் கடைக்காரர் பதிவு செய்து மூன்று வருஷம் வைத்திருக்கவேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். 2012-ல் சென்னையில் கூடிய வைத்திய சங்கங்கள் இவ்விஷயத்தில் ஒரு பிரகடனமே செய்தன. கோலிஸ்டின் என்ற கடைசிப் புகலான மருந்தை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பதை இந்திய சர்க்கார் 2019-ல் தடுத்தது. ஆனால் கடைக்காரரும் வாங்குபவரும் ஒருமனப்பட்டு மீறும் சட்டத்தை எந்தப் போலீஸும் காக்க முடியாது என்பது நீதிமன்றங்களை அறிந்த நமக்குத் தெரியும். அன்றியும், ஏழை இரண்டு மாத்திரையோடு நிறுத்துவது எப்போதும் அறியாமையால் அல்ல. வைத்தியர் கட்டணத்துக்கும் முழு மருந்துக்கும் கையில் காசில்லாமையால். அவனைக் கண்டிப்பதற்கு முன், அவன் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியரும் மருந்தும் தவறாமல் இருக்கும்படி செய்வது ஆள்வோரின் கடமை; அதைக் கேட்டு வாங்குவது பொதுஜன ஊழியர்களின் கடமை.

நேயர்களுள் பலர் கிராமங்களில் தொண்டு செய்பவர்கள். கூட்டம் போடும்போது சுப்பாராவின் கதையைச் சொல்லுங்கள். அதோடு நிறுத்தாமல் மாத்திரையின் கதையையும் சொல்லுங்கள். பெரிய ஆராய்ச்சிசாலைகளிலிருந்து அடிக்கடி புது மருந்து பிறப்பதில்லை. உள்ளதைக் கெடுத்துவிட்டால், தாய்மார்கள் ஊசிக்கும் வழியின்றிக் குழந்தையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலம் திரும்பும். ரத்தத்தில் அணுவளவு பாஸ்பரஸையும் பிசகாமல் அளந்த அந்த மகானின் தேசத்தார், வேளையும் அளவும் நாளும் பிசகாமல் ஒரு மாத்திரையை உட்கொள்ளக் கற்றுக்கொள்வார்களானால் அதைவிடச் சிறந்த ஞாபகச் சின்னம் அவருக்கு வேண்டியதில்லை.